காருக்கு ரயில் உண்டு!

(படப்பைப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

அவைத் தலைவர் அவர்களே! எனக்கு முன்னால் பேசி, மணியைப் பத்தாக்கிவிட்டுப் புன்னகையோடு அமர்ந்திருக்கும் அண்ணன்மார்களே! ஆலை வேலை முடிந்து, கம்பெனிப் பஸ்ஸைவிட்டு இறங்கிய கால் வலி தீருமுன்பே இங்கு வந்து நின்றபடி கேட்டுக்கொண்டிருக்கும் தோழர்களே! தாய்மார்களே!

படப்பை! எத்துணை இனிய பெயர்! சங்கத் தமிழிலே படப்பை என்றால் தோட்டம். வீட்டை அடுத்து, வேலி சூழ, பசுமை தங்கிய தோட்டம். அந்தப் பெயரைத் தாங்கிய ஊரிலிருந்து மேற்கே கொஞ்சம் நடந்தால் ஒரகடம். அங்கே இன்று என்ன விளைகிறது? கார் விளைகிறது, கனரக லாரி விளைகிறது, மோட்டார் சைக்கிள் விளைகிறது. வடக்கே இருங்காட்டுக்கோட்டையிலே, திருப்பெரும்புதூரிலே, சுங்குவார்சத்திரத்திலே உலகமெல்லாம் காதில் வைத்துப் பேசும் கருவி விளைகிறது; குளிர்பெட்டி விளைகிறது. விளைச்சலுக்குக் குறைவில்லை, தோழர்களே! தோட்டம் செழித்திருக்கிறது. தோட்டத்திலே பாடுபடுபவனுடைய கணக்கு எப்படி இருக்கிறது? அதைத்தான் இன்று பேச வந்தேன்.

கூட்டத்துக்கு வருமுன் கடைவீதியிலே ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்தேன். நாடகம் எழுதுகிறவனுக்குத் தேநீர்க் கடைதான் பள்ளிக்கூடம். கல்லூரியை நான் முடிக்கவில்லை. தேநீர்க் கடையை இன்னமும் விடவில்லை! அங்கே ஒரு பெரியவர். நம் தோழர் ஒருவரைப் பார்த்துக் கேட்டார்:

“ஏன் தம்பி, உங்க கட்சி எம்.பி. ஜெயிச்சாரே, என்னப்பா செஞ்சார்?”

நம் தோழர் துடிப்பானவர். தயங்கவே இல்லை.

“என்ன ஐயா இப்படிக் கேட்டுட்டீங்க? நிழற்குடை கட்டினார், உயர்கோபுர விளக்குப் போட்டார்...”

பெரியவர் தேநீரை ஒரு மிடறு குடித்தார். “விளக்குப் போட்டதைப் பஞ்சாயத்தும் செய்யுமே தம்பி. அதுக்கு எதுக்கு டில்லிக்கு ஆள் அனுப்பணும்?”

நம் தோழருக்குப் பதில் வரவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் உடனே வரவில்லை. எழுந்து வந்துவிட்டேன். மேடைக்கு வரும் வழியெல்லாம் அந்தக் கேள்வி என் வேட்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தது. எழுதி வைத்திருந்த பேச்சு பையிலேயே இருக்கட்டும். இன்று அந்தப் பெரியவருக்குப் பதில் சொல்கிறேன். கூட்டத்திலே அவர் இருந்தால் கேட்கட்டும். இல்லாவிட்டால் நாளைக் காலை நம் தோழர் போய்ச் சொல்லட்டும்.

முதலில் அந்த விளக்குக் கணக்கை முடித்துவிடுவோம். பாராளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி என்ற ஒன்று 1993ஆம் ஆண்டு டிசம்பரில் பிறந்தது. அதற்கு முன்பு அப்படியொரு நிதியே கிடையாது! நேரு காலத்து உறுப்பினருக்கு விளக்கும் இல்லை, நிழற்குடையும் இல்லை. வாய் ஒன்றுதான் இருந்தது. இன்று ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். 2011ஆம் ஆண்டிலிருந்து அதே 5 கோடி. கொரோனாக் காலத்திலே, 2020 ஏப்ரலில், அதையும் டில்லி சர்க்கார் நிறுத்திவைத்து, 2021 நவம்பரில்தான் மீண்டும் திறந்தது. இந்தப் பணத்தை உறுப்பினர் கையால் தொடுவதும் இல்லை. ‘இதைச் செய்யுங்கள்’ என்று எழுதிக் கொடுப்பார். செய்வது மாவட்ட நிர்வாகம்.

5 கோடி! கேட்க இனிக்கிறது. வகுத்துப் பாருங்கள். நம் திருப்பெரும்புதூர்த் தொகுதி 2024 தேர்தலிலே தமிழகத்திலேயே மிகுதியான வாக்காளர்களைக் கொண்ட தொகுதி; 23 லட்சத்துக்கும் மேல். மதுரவாயல், அம்பத்தூர், ஆலந்தூர், பல்லாவரம், தாம்பரம், திருப்பெரும்புதூர் என்று ஆறு சட்டமன்றத் தொகுதிகள். சென்னை மாநகரின் மாடி வீட்டிலிருந்து நம் ஏரிக்கரைக் குடிசை வரை ஒரே தொகுதி. 5 கோடியை 23 லட்சம் பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு எவ்வளவு? 21 ரூபாய்! ஆண்டு முழுமைக்கும் 21 ரூபாய்! ஒரு தேநீர், ஒரு வடை. வடை கொஞ்சம் பெரிதானால் பற்றாக்குறை. அந்த 21 ரூபாயைக் காட்டி, ‘இதுதான் எங்கள் உறுப்பினரின் சாதனை’ என்று நாமே சொல்லிக்கொண்டு திரிந்தால், பெரியவர் சிரிக்காமல் என்ன செய்வார்?

அப்படியானால் டில்லிக்கு ஆள் அனுப்புவது எதற்கு?

1957ஆம் ஆண்டு. கழகம் முதன்முதலாகத் தேர்தல் களம் கண்ட ஆண்டு. பாராளுமன்றத்துக்கு நம்மவர் எத்தனை பேர் போனார்கள் தெரியுமா? இருவர்! நாமக்கல்லிலிருந்து ஈ.வெ.கி. சம்பத், திருவண்ணாமலையிலிருந்து தருமலிங்கம். ஐந்நூறு பேர் அமர்ந்த மாமன்றத்தில் இரண்டே பேர். நிதி இல்லை, அமைச்சர் பதவி இல்லை, அதிகாரம் இல்லை. ஆனால் வாய் இருந்தது. 1959 ஆகஸ்டில், இந்தி பேசாத மக்கள் விரும்பும் வரை ஆங்கிலம் நீடிக்கும் என்று பண்டித நேரு அந்த மன்றத்தில் உறுதியளித்தார். அடுத்த ஆண்டே குடியரசுத் தலைவரின் ஆணை ஒன்று அந்த உறுதியைக் குலைப்பதுபோல் வந்தது. சம்பத் பிரதமருக்கு எழுதினார். பிரதமர் கையெழுத்திட்டுப் பதில் எழுதினார், உறுதி உறுதிதான் என்று. பின்னாளில் சம்பத் கழகத்தைவிட்டுப் பிரிந்தார். அது வேறு கதை, வேறு வருத்தம். அந்தக் கடிதத்தின் மதிப்பு அதனால் குறைந்துவிடவில்லை. எத்தனை நிழற்குடைகளை அதற்கு ஈடாக வைப்பீர்கள்?

1962இல் காஞ்சிபுரத்தில் அண்ணா தோற்றார். நம் மண்ணிலேதான், தோழர்களே, இங்கிருந்து ஒரு பஸ் பயணத் தொலைவிலேதான் தோற்றார். தோற்றவர் மாநிலங்களவைக்குச் சென்றார். 1963இல் ஆட்சிமொழிச் சட்டம் வருகிறது. ஆங்கிலம் ‘தொடரலாம்’ என்று எழுதியிருந்தார்கள். ‘மே’ என்ற ஒரே ஒரு சொல். ‘தொடரலாம்’ என்பதற்கும் ‘தொடரும்’ என்பதற்கும் என்ன வேறுபாடு? எழுத்தெண்ணிப் பார்த்தால் அற்பம். ‘மே’ வேண்டாம், ‘ஷல்’ என்று போடுங்கள் என்று அண்ணா வாதாடினார். கேட்டார்களா? கேட்கவில்லை. கேட்காததன் விலை என்ன என்பதை 1965 ஜனவரியில் இந்தத் தமிழகம் கண்டது. அந்த ஒற்றைச் சொல்லை ஒருவர் கண்டுபிடித்தாரே, கண்டுபிடித்து மன்றத்தின் ஏட்டிலே பதியவைத்தாரே, அதுதான் உறுப்பினருடைய வேலை. சட்டத்தின் சொல்லைப் பார்ப்பது; கேள்வி கேட்பது; வரவுசெலவுக் கணக்கிலே நம் பெயருக்கு நேரே எத்தனை சுழியம் இருக்கிறது என்று எண்ணுவது.

பெரியவரே, இப்போது நம் உறுப்பினருக்கு வருகிறேன்.

டி.ஆர். பாலு அவர்கள் இந்தத் தொகுதிக்கு 2009இல் வந்தார். அதற்கு முந்தைய தேர்தல் வரை இது தாழ்த்தப்பட்ட மக்களுக்கென ஒதுக்கப்பட்ட தொகுதி. வரும்போது அவர் புதியவர் அல்லர். தென்சென்னையில் 1996, 1998, 1999, 2004 என்று நான்கு முறை வென்றவர். 2014இல் நாம் இந்தத் தொகுதியை இழந்தோம். 2019இல் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வேறுபாட்டில் மீட்டோம். 2024இல் 4 லட்சத்து 87 ஆயிரம் வேறுபாட்டில் தக்கவைத்தோம். இந்த எண்களைச் சொல்லும்போது கைதட்டுகிறீர்கள், தட்டுங்கள். ஆனால் வாக்கு வேறுபாடு என்பது மக்கள் நமக்குத் தந்த கடன். வரவுப் பக்கத்தில் எழுதிக்கொண்டு மகிழக்கூடாது.

அமைச்சராக இருந்தபோது அவர் செய்தவை கண்ணுக்குத் தெரிகின்றன. கத்திப்பாராவிலே பின்னிப் பிணைந்து கிடக்கிறதே மேம்பாலம், 2008இல் திறக்கப்பட்டது. அவர் நெடுஞ்சாலைத் துறை அமைச்சர். சேது சமுத்திரத் திட்டம் 2005 ஜூலை 2ஆம் நாள் மதுரையில் தொடங்கிற்று. அவர் கப்பல் துறை அமைச்சர். 2007இல் வழக்கு வந்தது, தடை வந்தது. கடலுக்கடியில் தோண்டிய மண் மீண்டும் சரிந்துகொண்டிருக்கிறது. நூறாண்டுக் கனவு, நம் கண்முன்னே நின்றுபோயிற்று. அது பற்றிப் பேசினால் விடிந்துவிடும்.

துறைமுகம் – மதுரவாயல் பறக்கும் சாலையைச் சொல்கிறேன். மதுரவாயல் நம் தொகுதி. 2009 ஜனவரியில் பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். மதிப்பீடு 1,655 கோடி ரூபாய். தூண்கள் எழுந்தன. 2011இல் மாநிலத்தில் ஆட்சி மாறிற்று; 2012இல் வேலை நின்றது. கூவத்தின் நீரோட்டத்தைத் தூண் தடுக்கிறதாம்! பத்தாண்டுகள் அந்தத் தூண்கள் கூவத்தங்கரையிலே மொட்டையாக நின்றனவே, பார்த்திருப்பீர்கள். கோயில் கட்ட நினைத்துக் கொடிமரத்தோடு நிறுத்தியதுபோல. 2022 மே மாதத்தில் இன்னொரு பிரதமர் வந்து மறுபடியும் அடிக்கல் நாட்டினார். ஈரடுக்குப் பாலமாம், மதிப்பீடு 5,800 கோடிக்கும் மேல். அடுக்கு ஒன்று கூடியிருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நடுவிலே போன அந்தப் பத்தாண்டுக்கு என்ன விலை? துறைமுக வாயிலிலே இரவு பகலாக வரிசைகட்டி நின்ற லாரிகளுக்கு எவ்வளவு டீசல்? அந்த லாரிகளிலே நம் ஒரகடத்துச் சரக்கும் இருந்தது. இதை எதிர்க்கட்சிக்காரர் வந்து மறுத்துப் பேசட்டும். மேடையும் ஒலிபெருக்கியும் நான் வாங்கித் தருகிறேன்!

அமைச்சர் பதவி போன பின்பு? அங்கேதான் உறுப்பினரின் உண்மையான சோதனை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. முடிச்சூரும் வரதராசபுரமும் மறுபடி மிதந்தன. அடுத்துத் தென்மாவட்டங்களிலே வெள்ளம். இரண்டுக்குமாகத் தமிழகம் கேட்டது 37 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். 2024 ஏப்ரலில் டில்லி தந்தது 276 கோடி! கேட்டவன் நூறு ரூபாய் கேட்டால், முக்கால் ரூபாயை நீட்டியது போல. இந்த வெள்ள நிவாரணக் கேள்வி மக்களவையில் எழுந்தபோது, 2024 பிப்ரவரியில், குறுக்கிட்ட ஒன்றிய இணையமைச்சர் ஒருவரைப் பார்த்து நம் உறுப்பினர் கடுஞ்சொல் ஒன்று சொன்னார், பெரும் அமளி. என் கருத்தைக் கேட்டால், அந்தச் சொல் வேண்டியதில்லை. அண்ணா தந்த மூன்று சொற்களில் நடுவிலே நிற்பது கண்ணியம். கண்ணியத்துக்காக மட்டும் சொல்லவில்லை, கணக்குக்காகவும் சொல்கிறேன். மறுநாள் பத்திரிகைகளில் என்ன வந்தது? 37 ஆயிரம் கோடி வரவில்லை. அந்தச் சொல்தான் வந்தது! எதிரி எதை மறைக்க விரும்பினானோ அதை மறைக்க நாமே போர்வை எடுத்துக் கொடுத்துவிட்டோம். இதைச் சொல்வதற்காக எவரேனும் என்மீது வருந்தினால், வருந்தட்டும். அவர் எண்பதைக் கடந்தவர்; நான் முப்பதைக் கடந்தவன்; பெரியவர்களிடம் உரிமையோடு சொல்லலாம் என்று கழகம் எனக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது.

இனி, நம் ஊர் அலுவல்.

திருப்பெரும்புதூரில் ரயில் நிலையம் உண்டா? ஒரகடத்தில்? நம் படப்பையில்? இல்லை! உலகக் கம்பெனிகளெல்லாம் வந்து குந்தியிருக்கும் இந்த வட்டாரத்திலே, ஒரு தண்டவாளம் இல்லை. இங்கே செய்யும் கார் எப்படி வடநாட்டுக்குப் போகிறது தெரியுமா? லாரியிலே ஏறி வாலாஜாபாத் போகிறது. அங்கே ரயில் காத்திருக்கிறது. அலுங்காமல் குலுங்காமல், கீறல் படாமல், ரயிலேறிப் போகிறது. கார் ரயிலில் போகிறது! அந்தக் காரைப் பூட்டியவன்? இரவு வேலை முடிந்து, வண்டலூர் – வாலாஜாபாத் சாலையிலே, லாரிக்கும் லாரிக்கும் நடுவிலே, இருசக்கர வண்டியில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகிறான். காருக்கு ரயில் உண்டு. காரைச் செய்தவனுக்கு இல்லை!

ஆவடியிலிருந்து திருப்பெரும்புதூர் வழியாகக் கூடுவாஞ்சேரிக்குப் பாதை போடுவோம் என்று 2013ஆம் ஆண்டு ரயில்வே வரவுசெலவுத் திட்டக் காலத்திலேயே சொன்னார்கள். ஏறத்தாழ 60 கிலோமீட்டர். அதைப் போட்டிருந்தால் மேற்கு ரயில்பாதையும் தெற்கு ரயில்பாதையும் நம் மண்ணிலே கைகோத்திருக்கும். பாதை எங்கே? காகிதத்தில். தமிழகத்தின் புதிய பாதைகளுக்கு டில்லி தலைக்கு ஆயிரம் ரூபாய் ஒதுக்கிய ஆண்டும் உண்டு, தோழர்களே! ஆயிரம் கோடி அல்ல, ஆயிரம் ரூபாய்! அந்தப் பணத்தில் தண்டவாளம் வாங்க முடியாது. தண்டவாளத்தைத் துடைக்கத் துணி வாங்கலாம். ஏன் அந்த ஆயிரம்? திட்டத்தைக் கொன்றுவிட்டதாகப் பெயரும் வரக்கூடாது, உயிரோடு விட்டதாகவும் ஆகக்கூடாது. மூக்கிலே பஞ்சு வைத்துவிட்டு, மூச்சு இருக்கிறது என்று சொல்லும் வித்தை!

இதற்கு ஓர் உறுப்பினர் என்ன செய்ய முடியும்? நிறைய முடியும். வெட்டுத் தீர்மானம் என்று ஒன்று இருக்கிறது. ஒரு துறைக்கு இத்தனை கோடி என்று சர்க்கார் கேட்கும்போது, ‘அதில் நூறு ரூபாயைக் குறைக்கிறேன்’ என்று ஓர் உறுப்பினர் தீர்மானம் கொண்டுவரலாம். நூறே ரூபாய். வெட்டுவது நோக்கமல்ல, குறையை மன்றத்தில் எடுத்துரைப்பது நோக்கம். அவர்கள் ஆயிரம் ரூபாய் தருவதாக வேடிக்கை காட்டினால், நாம் நூறு ரூபாயை வெட்டி விவரம் கேட்கலாம். பாதை வேண்டுமென்று நம் உறுப்பினர் பலமுறை கேட்டிருக்கிறார். கேட்டது போதாது, ஆண்டு தவறாமல், அமைச்சருக்கே அலுத்துப்போகும் வரை கேட்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். பூந்தமல்லியிலிருந்து சுங்குவார்சத்திரம் வரை மெட்ரோ ரயில் நீளவேண்டும் என்று 2025இல் மாநில அரசு முடிவெடுத்தது, நல்லது. ஆனால் அது பெங்களூர்ச் சாலையோடு போகும். ஒரகடத்துக்கும் படப்பைக்கும் அது பக்கத்து வீட்டுத் திருமணம். மேளம் கேட்கும், பந்தி கிடைக்காது.

ரயிலுக்கு அடுத்தது தொழிலாளி. இங்கே நான் கொஞ்சம் நிதானமாகப் பேச விரும்புகிறேன்.

2021 டிசம்பரில் பாக்ஸ்கான் ஆலைப் பெண்கள், பூந்தமல்லிப் பக்கத்து விடுதியிலே உண்ட உணவு நஞ்சாகி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். நூற்றுக்கு மேற்பட்டோர். செய்தி மறைக்கப்படுகிறதோ என்ற அச்சத்தில், தோழிகள் பெங்களூர் நெடுஞ்சாலையிலே இரவெல்லாம் அமர்ந்தார்கள். பத்தொன்பது வயதுப் பிள்ளைகள். திருவண்ணாமலை, விழுப்புரம், நாகப்பட்டினத்துப் பெண்கள். சாலையில் அமர்ந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 2024 ஆகஸ்டிலே வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதியைக் கழக ஆட்சி திறந்தது. 706 கோடி ரூபாய்ச் செலவு. பெருமையோடு சொல்வோம். அந்தப் பெருமைக்கு விதை ஊன்றியது சாலையில் அமர்ந்த அந்தப் பெண்கள் என்பதையும் சேர்த்தே சொல்வோம்.

அடுத்த மாதமே, 2024 செப்டம்பர் 9இல், சாம்சங் ஆலைத் தோழர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். 37 நாட்கள். முதல் கோரிக்கை கூலி அல்ல. ‘எங்கள் சங்கத்தைப் பதிவு செய்யுங்கள்’ என்பதுதான். 1926ஆம் ஆண்டுச் சட்டம், வெள்ளைக்காரன் போட்ட சட்டம், தந்த உரிமை! அக்டோபரில் அவர்களுடைய பந்தல் பிரிக்கப்பட்டது. காவல்துறை கைது செய்தது. யார் ஆட்சியில்? நம் ஆட்சியில். மூடி மறைக்க நான் மேடை ஏறவில்லை. பந்தல் பிரிக்கப்பட்ட அன்று நம் கிளைக்கழகத் தோழர்கள் பலர் தலைகுனிந்தார்கள். அவர்களுடைய தம்பிகளே அந்தப் பந்தலில் இருந்தார்கள். 2025 ஜனவரியில் சங்கம் பதிவாயிற்று. பதிவாகத்தான் போகிறதென்றால், அந்த 37 நாள் கூலியை இழக்கவிட்டது எதற்காக?

2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிதிறக்கும் திருத்தச் சட்டம் நம் சட்டமன்றத்திலே நிறைவேறிற்று. மூன்றே நாளில் நிறுத்திவைக்கப்பட்டது. மே முதல் நாள் திரும்பப் பெறுவதாகத் தலைவர் அறிவித்தார். திரும்பப் பெற்றது பெருந்தன்மை என்று பேசினோம். நான் அதைப் பெருந்தன்மை என்று சொல்லமாட்டேன். செவி திறந்திருந்தது என்று சொல்வேன். செவி என்றும் திறந்திருக்க வேண்டும். அதற்குத்தான் கிளைக்கழகம்.

இதெல்லாம் மாநில வேலை ஆயிற்றே, எம்.பி.க்கு என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். தொடர்பு இருக்கிறது! 2020 செப்டம்பரிலே தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் மூன்று, ஒரே வேளையில், பாராளுமன்றத்தில் நிறைவேறின. எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்திருந்த நேரம் அது. மாநிலங்களவையில் எட்டு உறுப்பினர்களை இடைநீக்கம் செய்த அநீதியை எதிர்த்துப் புறக்கணிப்பு, காரணம் நியாயமானது. ஆனால் நாடகக்காரன் என்ற முறையிலே எனக்கு ஒரு காட்சி கண்ணில் நிற்கிறது. மேடையில் வில்லன் வந்துவிட்டான், கொள்ளை நடக்கிறது, கதாநாயகன் திரைக்குப் பின்னால், கோபித்துக்கொண்டு! கோபம் நியாயமே; கொள்ளை நின்றதா? நூறு தொழிலாளர் உள்ள ஆலையில் ஆட்குறைப்புக்கு அரசின் அனுமதி தேவை என்றிருந்தது, முந்நூறு ஆயிற்று. எந்த ஆலையிலும் வேலைநிறுத்தத்துக்குப் பதினான்கு நாள் முன்னறிவிப்பு என்றாயிற்று. பேரம் பேசும் தனிச்சங்கமாக வேண்டுமானால் நூற்றுக்கு ஐம்பத்தொரு பேர் வேண்டும் என்றாயிற்று. இந்தத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தன. இந்தியாவில் வேறெந்தத் தொகுதியைவிடவும் இவை வந்து இறங்கும் இடம் எது? இதோ, இந்தச் சாலை. ‘மே’ என்ற ஒரு சொல்லைக் கண்டுபிடித்த அண்ணாவின் மரபிலே வந்தவர்கள், இந்த மூன்று தொகுப்புகளின் சொற்களையும் அன்று ஒவ்வொன்றாக உதறிக் காட்டியிருக்க வேண்டும் என்பது என் ஆசை. புறக்கணிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்த நாளில் என்பதை எண்ணிச் செய்யவேண்டும்.

மூன்றாவது நீர். பக்கத்திலே மணிமங்கலம். வாதாபிப் புலிகேசியைப் பல்லவன் நரசிம்மன் புறங்காணச் செய்த களம் அது. அந்த மணிமங்கலத்தையும் ஆதனூரையும் ஒட்டிய ஏரிகளின் உபரி நீரிலேதான் அடையாறு உயிர் பெறுகிறது. இங்கே ஓர் ஏரி தூர்ந்தால், சைதாப்பேட்டையில் வீடு மூழ்கும். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29 ஆயிரம் கன அடி திறந்தார்கள். நகரம் மூழ்கிய கதை உலகுக்குத் தெரியும். செம்பரம்பாக்கம் ஒன்றுதானா குற்றவாளி? மேலே, நம் பக்கத்து ஏரிகளின் நீரும் சேர்ந்துதானே ஓடிற்று? ஒரத்தூர் ஏரியையும் ஆரம்பாக்கம் ஏரியையும் இணைத்து நீர்த்தேக்கம் என்ற திட்டம் அதற்குத்தான் வந்தது. ஆலைக்கும் நீர் வேண்டும், ஆளுக்கும் நீர் வேண்டும். இரண்டுக்கும் நடுவிலே ஏரியின் கலங்கல் மேலே எவன் மண் கொட்டுகிறான் என்று பார்க்க வேண்டியவர் நாம். அவன் கழகக் கரை வேட்டி கட்டியிருந்தாலும் பார்க்கத்தான் வேண்டும்!

மக்களவையில் ஒரு நாளைக்கு வாய்மொழி விடைக்காக 20 கேள்விகள், எழுத்து விடைக்காக 230 கேள்விகள். குலுக்கலில் இடம் பிடிக்க வேண்டும். பதினைந்து நாளுக்கு முன்பே எழுதித் தரவேண்டும். எழுத்து விடை என்றால் அற்பம் என்று எண்ணாதீர்கள். அமைச்சர் எழுதித் தந்த எண், ஏட்டில் ஏறிவிட்டால், நீதிமன்றத்தில் நிற்கும். பேச்சுவார்த்தை மேசையில் நிற்கும். ஆனால் கேள்வி வானத்திலிருந்து விழாது. ஒப்பந்தத் தொழிலாளி எத்தனை பேர், எத்தனை ஆண்டாக, எந்த வேலையில்? டில்லியிலே அமர்ந்திருக்கும் உறுப்பினருக்கு எப்படித் தெரியும்? நாம் சொன்னாலல்லவா தெரியும்! நாம் அவரிடம் என்ன கொண்டுபோகிறோம்? சால்வை கொண்டுபோகிறோம். திருமண அழைப்பிதழ் கொண்டுபோகிறோம். மைத்துனனுக்கு வேலை கேட்டுச் சீட்டு கொண்டுபோகிறோம். பிறகு தேநீர்க் கடையில் அமர்ந்து, அவர் என்ன செய்தார் என்று பேசுகிறோம். மாவட்ட வளர்ச்சி ஒருங்கிணைப்பு, கண்காணிப்புக் குழு என்று ஒன்று 2016 முதல் இருக்கிறது. டில்லிப் பணத்தில் நடக்கும் திட்டங்களை ஆட்சித் தலைவரும் அதிகாரிகளும் அமர்ந்திருக்க, பாராளுமன்ற உறுப்பினர் தலைமையில் நின்று கேட்கும் குழு. அந்தக் கூட்டம் என்று நடந்தது, அதில் படப்பையின் பெயர் எத்தனை முறை வந்தது என்று நம்மில் எவருக்குத் தெரியும்? கை தூக்குங்கள் பார்ப்போம்... ஒருவரும் இல்லை. எனக்கும் தெரியாது, நானும் தூக்கவில்லை.

1962 தேர்தலில் தமிழகத்துக்கு 41 இடங்கள், 1967இலிருந்து 39. மறுவரையறை என்ற பெயரில் அந்த 39க்கும் ஆபத்து என்று 2025 மார்ச்சில் சென்னையிலே பல மாநிலத் தலைவர்கள் கூடினார்கள். இடம் குறையக்கூடாது என்று போராடுகிறோம், போராடுவோம். இருக்கிற இடத்தை நிரப்பிப் பயன்படுத்துகிறோமா என்று எவனும் நம்மைக் கேட்டுவிடக் கூடாது.

நேரமாகிவிட்டது, அவைத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரு வேலை மட்டும் சொல்லிவிட்டு அமர்கிறேன். இந்த வாரம் முழுவதும், ஒரகடம் கூட்டுச் சாலையிலும் படப்பைப் பேருந்து நிறுத்தத்திலும், வேலை முறை மாறும் மூன்று வேளைகளிலும், கிளைக்கு இருவராக நிற்போம். எத்தனை பேர் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறார்கள், அதில் பெண்கள் எத்தனை பேர், எவ்வளவு நேரம், எந்த ஊருக்கு, ஒப்பந்தத் தொழிலாளியா, நிரந்தரமா? பெயர் வேண்டாம், கம்பெனியின் பெயரும் வேண்டாம், எண் போதும். அந்த எண்ணைத் தொகுத்து, சால்வைக்குப் பதிலாக, நம் உறுப்பினரிடம் கொடுப்போம். ரயில் பாதைக்கு அதுதான் முதல் கேள்வியின் முதல் வரி.

நாளை காலை ஆறு மணிக்குத் தேநீர்க் கடை வாசலில் நான் நிற்பேன். அந்தப் பெரியவரும் வருவார் என்று நினைக்கிறேன். வரும்போது நோட்டுப் புத்தகம் ஒன்று, பென்சில் ஒன்று எடுத்து வாருங்கள். தேநீர்ச் செலவு என்னுடையது. வடை அவரவர் கணக்கு.